காலு மரத்துப் போச்சு, கட்டி இருந்தது நடு முதுகுல

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 56 வயசு. எட்டு மாசமா ரெண்டு காலும் மரத்துப்போய் தடுமாறி நடக்குறாங்க. இடுப்புல ஸ்கேன் எடுத்து டிஸ்க்னு சொல்லி மாத்திரை, பெல்ட் எல்லாம் பாத்தாச்சு. இப்ப நடு முதுகுல எம்ஆர்ஐ எடுத்ததுல டி6 (நெஞ்சுக்குப் பின்னாடி இருக்கிற ஆறாவது முதுகெலும்பு) கிட்ட மெனிஞ்சியோமா கட்டின்னு ரிப்போர்ட். ஆபரேஷன் பண்ணா படுத்த படுக்கைதான்னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க. மாத்திரையில கரைக்க முடியாதா?

பதில்: கரைக்கிற மாத்திரை கிடையாதுங்க. டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு குடுத்தா வீக்கம் கொஞ்சம் வத்தி நாலு நாள் நல்லா இருக்கிற மாதிரி தெரியும், ஆனா கட்டி அங்கயேதான் இருக்கும், சுகர் இருந்தா அதுவும் ஏறிடும்.

எட்டு மாசம் போனதுதான் எனக்கு வருத்தம். தண்டுவடம் இடுப்போட அடி வரைக்கும் இறங்கி வர்றது இல்ல, இடுப்புப் பகுதியோட முதல் முதுகெலும்பு கிட்டயே முடிஞ்சிடும், அதுக்குக் கீழ வெறும் நரம்புக் கத்தைதான். அதனால இடுப்புக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுத்தா டி6ல இருக்கிற கட்டி அதுல வரவே வராது, ஐம்பது வயசுக்கு மேல பல பேருக்கு டிஸ்க் கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும், பழி அது மேல விழுந்துடும். அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, பஞ்சு மேல நடக்குற மாதிரி இருந்துச்சா, செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம நடந்தாங்களா, வயித்தச் சுத்தி பெல்ட் கட்டுன மாதிரி இறுக்கம் இருந்துச்சா, ராத்திரி படுத்தா வலி கூடுச்சான்னு. டிஸ்க் வலி பெரும்பாலும் படுத்தா குறையும், கட்டி வலி பல பேருக்கு படுத்தாதான் எழுப்பி விடும்.

இது இன்னைக்கு நேத்து குழப்பம் இல்ல. 1887ல லண்டன்ல சர்ஜன் விக்டர் ஹார்ஸ்லி தண்டுவடக் கட்டிய முதன்முதலா வெற்றிகரமா எடுத்தப்பவே, திறந்த இடத்துல கட்டி இல்ல, இன்னும் மேல போய்த்தான் கண்டுபிடிச்சாரு. நடக்க முடியாம இருந்த அந்த நோயாளி அப்புறம் எழுந்து நடந்தாரு. ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்போ எம்ஆர்ஐயோ இல்லாத காலம் அது.

மெனிஞ்சியோமா பெரும்பாலும் கேன்சர் இல்ல, நடுவயசு தாண்டுன பெண்களுக்குத்தான் அதிகம் வருது. தண்டுவடத்துக்குள்ள முளைக்காம அதோட உறையில முளைச்சு வெளிய இருந்து அமுக்குது, அதனாலதான் முழுசா எடுக்க முடியுது. குப்புறப் படுக்க வச்சு பின்பக்க எலும்பைக் கொஞ்சம் எடுத்து, உறையைத் திறந்து, மைக்ரோஸ்கோப் வழியா கட்டியை உள்ளுக்குள்ளயே கரைச்சு உறிஞ்சி சின்னதாக்கி அப்புறம்தான் வெளிய எடுப்பாங்க, தண்டுவடத்தைப் பிடிச்சு இழுக்குறதே கிடையாது. கால் தசையில ஊசி எலக்ட்ரோடு வச்சு சிக்னல் வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கிற நியூரோமானிட்டரிங் உண்டான்னு உங்க சர்ஜன்கிட்ட கேளுங்க.

ரிஸ்க்கே இல்லன்னு சொல்ல மாட்டேன். தண்டுவட நீர் கசியலாம், இன்ஃபெக்ஷன் வரலாம், சில பேருக்கு கொஞ்ச நாள் பலவீனம் கூடிக் குறையும், அபூர்வமா அப்படியே நின்னுடுறதும் உண்டு. ஆனா ஆபரேஷன் பண்ணாம விட்டாதான் படுக்கையாகுற வாய்ப்பு அதிகம். நடந்து உள்ள போறவங்கதான் பெரும்பாலும் நடந்து வெளிய வர்றாங்க, அம்மா இன்னும் நடக்குறாங்க, அதை விட்டுடாதீங்க. செலவுதான் கவலைன்னா அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்க, சென்னை ஜிஎச்ல 1950லயே நியூரோசர்ஜரி ஆரம்பிச்சாச்சு.

தேதி குடுக்குற வரைக்கும் முதுகை அமுக்குறது, எண்ணெய் போட்டு நீவுறது எதுவும் வேணாம். யூரின் அடைச்சாலோ திடீர்னு கால் தூக்க முடியலன்னாலோ காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அந்த ராத்திரியே கூட்டிட்டுப் போங்க.