‘அந்தப் பக்கம் திரும்பிக்கொள்’ என்றீர்களே!

கேள்வி: 11 வருடங்களாக வீட்டிலிருந்தே சொந்தமாக புரோகிராமிங் வேலை செய்கிறேன். ஆறு நிரந்தர வாடிக்கையாளர்கள். மனைவி, ஒன்பது வயது மகள், அம்மா என எல்லோரும் என் வருமானத்தை நம்பித்தான் இருக்கிறோம். என் கணினியைப் பார்த்துப் பார்த்து அமைத்திருக்கிறேன். லினக்ஸ், இரண்டு மானிட்டர், மெக்கானிக்கல் கீபோர்டு, யூபிஎஸ். கோடு எழுதும் எடிட்டரின் செட்டிங் எல்லாம் கிட் (Git) என்ற சேமிப்பு முறையில் இருக்கிறது. லேப்டாப் செத்தாலும் புதியதில் ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் கொண்டுவந்துவிடுவேன். மூன்று பிரதி பேக்கப் உண்டு. எல்லாமே என்க்ரிப்ட் செய்தவை, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியவை; அந்தப் பாஸ்வேர்டு என் தலையில் மட்டும்தான். போன மாதம் கடும் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாதபோதுகூட, மனைவியை லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லி, அவளை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு நானேதான் டைப் செய்தேன். இப்போது 64 ஜிபி ரேமுடன் புது மெஷினும் மூன்றாவது மானிட்டரும் வாங்க நினைக்கிறேன். மனைவி முகம் கொடுத்தே பேசவில்லை. இரவு இரண்டு மணி வரை உழைக்கிறேன். என் வேலையை வீட்டில் யாரும் புரிந்துகொள்வதில்லை. என்ன செய்வது?

பதில்: மெஷின் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேலை உச்சத்தில் இருக்கும்போது ரேம் எவ்வளவு நிரம்புகிறது, ரேம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப் தொடப்படுகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். தொடப்படவில்லை என்றால் 64 ஜிபி உங்களுக்குத் தேவையில்லை. மூன்றாவது மானிட்டரும் வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு எழுதும் புரோகிராமை மறுநாள் காலையில் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அதை எந்தத் திரையும் சரிசெய்யாது.

இனி, போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன அந்த வரிக்கு வருகிறேன். காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டவர், மாத்திரை நேரம் பார்த்துக் கொடுத்தவர், கேட்டதும் அந்தக் கனமான லேப்டாப்பைத் தூக்கிவந்து மடியில் வைத்தவர் உங்கள் மனைவி. அவரைப் பார்த்து, ‘அந்தப் பக்கம் திரும்பிக்கொள்’ என்றீர்கள். அவரும் திரும்பிக்கொண்டார். நடுங்கும் விரலால் நீங்கள் தப்புத்தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி சுவரைப் பார்த்து நின்றிருப்பார். இதை உங்கள் பாதுகாப்பு ஒழுக்கத்துக்குச் சான்றாக எனக்கு எழுதுகிறீர்கள். புது மெஷின் என்றதும் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். எப்படிப் பேசுவார்? அந்த மெஷினுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டீர்களே.

தம்பி, இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. தனியாகத் தொழில் செய்பவர்கள் பலர் எழுதுகிறார்கள். வீட்டில் தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். நாலு வரி தாண்டினால், புரிந்துகொள்ள வழியே வைக்காமல் அவர்களே கதவைச் சாத்தியிருப்பது தெரியும். ஆனால் உங்கள் விஷயம் மனத்தாங்கலோடு நிற்பதல்ல. லேப்டாப் செத்தால் ஒரு மணி நேரத்தில் மீட்டுவிடுவேன் என்கிறீர்கள். நீங்கள் விழுந்தால்? வண்டியிலிருந்து கீழே விழுந்து பத்து நாள் நினைவில்லாமல் கிடந்தால்? எடிட்டரின் நிறத்தைக்கூட மீட்க வழி செய்து வைத்திருக்கும் மனிதர், தன் வீட்டுப் பிழைப்பை மீட்க ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

இது எனக்கு மட்டும் தோன்றும் பயமல்ல. 1994-லேயே பைதான் என்ற புரோகிராமிங் மொழியைப் பயன்படுத்துபவர்கள், அதை உருவாக்கிய கீடோ வான் ரோசம் பஸ்ஸில் அடிபட்டால் என்ன ஆகும் என்று தங்களுக்குள் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்கள். எத்தனை பேர் இல்லாமல் போனால் ஒரு வேலை அப்படியே நின்றுவிடும் என்ற கணக்கைத்தான் உங்கள் துறையில் பஸ் ஃபேக்டர் என்கிறீர்கள். உங்கள் வீட்டில் அந்த எண் ஒன்று. அந்த ஒருவரை நம்பி மூன்று ஜீவன்கள் இருக்கின்றன.

மூன்று பிரதி என்று பெருமைப்படுகிறீர்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதிப்படி ஒழுங்காகவே செய்திருப்பீர்கள். ஆனால் மூன்றையும் திறப்பது ஒரே தலைக்குள் இருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அந்தத் தலைக்கு ஏதாவது ஆனால் மூன்றும் ஒரே நொடியில் குப்பை. அந்தப் பூட்டை யாராலும் உடைக்க முடியாது. அதற்காகத்தானே அதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? உங்கள் மனைவியாலும் முடியாது.

அதற்குப் பிறகு நடக்கப்போவதைச் சொல்கிறேன், கேளுங்கள். வாடிக்கையாளரின் சர்வர் நிற்கிறது. அவர் உங்கள் எண்ணுக்கு அழைக்கிறார், போனை உங்கள் மனைவி எடுக்கிறார். சார்ஜ் தீர்ந்து ஒருமுறை அணைந்து எழுந்த போனில் விரல்ரேகை எடுபடாது, பின் எண் கேட்கும். அதுவும் அவருக்குத் தெரியாது. கணக்குகளில் நுழையக் கேட்கும், 30 நொடிக்கு ஒருமுறை மாறும் சரிபார்ப்பு எண்ணும் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்ற இன்வாய்ஸ் பட்டியல் லேப்டாப்பில். தரவேண்டிய பணத்தைத் தானாக முன்வந்து கொடுக்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள்; ஆறு பேரும் அப்படித்தான் என்று எழுதித் தருவீர்களா? காலாவதியான .காம் இணையதளப் பெயரைச் சாதாரணமாகப் புதுப்பிக்கச் சில வாரம் அவகாசம் கிடைக்கும். அதையும் தவறவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், அப்புறம் 5 நாளில் அது யாருக்கு வேண்டுமானாலும் போகும். வாடிக்கையாளரின் இணையதளப் பெயர் உங்கள் கணக்கில் பதிவாகியிருந்து, அது இப்படிக் கைமாறினால், அவரும் உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார். கையில் மருத்துவமனை ரசீதோடு இருக்கும் ஒரு பெண் அவருக்கு என்ன பதில் சொல்வார்?

வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பது என் கடமை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பீர்கள். காக்கத்தான் வேண்டும். ஆனால் வாக்கு கொடுத்த வேலையை அம்போ என்று விட்டுவிடாமல் இருப்பதும் அதே கடமைதான். வாடிக்கையாளருடையதை வாடிக்கையாளர் பெயருக்கு மாற்றுங்கள். டொமைன் என்கிற இணையதளப் பெயர், சர்வர் கணக்கு, புரோகிராம் கோடு இருக்கும் இடம், எல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கட்டும். நீங்கள் அதில் அனுமதி பெற்ற ஆளாக இருங்கள். உங்களைப் போலவே தனியாகத் தொழில் செய்யும் நம்பகமான ஒருவரோடு பேசி, நீங்கள் முடியாமல் கிடந்தால் அவரும் அவர் கிடந்தால் நீங்களும் பார்ப்பதாக ஏற்பாடு செய்து, ஆறு பேருக்கும் அதை மின்னஞ்சலில் தெரிவியுங்கள். இதனால் ஒரு வாடிக்கையாளர்கூடக் குறைய மாட்டார்.

கணவன் மனைவி ஒருவர் போனை ஒருவர் நோண்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நட்புக்கும் நாட்குறிப்புக்கும் தனிமை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குடும்பத்தின் சாப்பாட்டுக்கு வழிசெய்யும் கணக்கு அந்த வகையில் வராது. அது இருவருக்கும் சொந்தம். கடை வைத்திருக்கும் மனிதர் வெளியூர் கிளம்பும்போது சாவியையும் கணக்கு நோட்டையும் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவார். சம்பாதிப்பவர் என்பதற்காக அதை ஒளித்துவைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. பாதுகாப்பு என்று பெயர் வைத்தாலும் கிடையாது.

உங்கள் துறையின் பெரியவர்களே இதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் பயன்படுத்தும் வட்டுப் பூட்டு அநேகமாக லினக்ஸில் வழக்கமான லக்ஸ் (LUKS) ஆகத்தான் இருக்கும். அதில் ஒரே வட்டுக்குப் பல பாஸ்வேர்டு வைக்கலாம். பழைய பதிப்பிலேயே எட்டு இடம் உண்டு. உங்களுடையதைச் சொல்லாமலே மனைவிக்கென்று தனியாக ஒன்று சேர்க்கலாம், அவர் விருப்பப்படி அவரே தேர்ந்தெடுத்தது. ஒரே கட்டளை, ஐந்து நிமிட வேலை. 11 வருடமாக அந்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா? ரகசியத்தைத் துண்டுகளாக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கைத் துண்டுகள் சேர்ந்தால் மட்டுமே திறக்கும்படி செய்யும் கணக்கை மறைகுறியீட்டு அறிஞர் ஆடி ஷமீர் 1979-லேயே எழுதிவிட்டார். ஒருவரிடம் முழுதாகக் கொடுக்கத் தயக்கம் இருந்தால், மனைவி, அம்மா, உங்கள் வேலையைப் பார்க்க ஒப்புக்கொண்ட அந்த நண்பர் என மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் திறக்கும்படிகூட வைக்கலாம். மனைவியிடம் தயங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

முதலில் மன்னிப்புக் கேளுங்கள். மெஷின் பேச்சை எடுப்பதற்கு முன், அந்தக் காய்ச்சல் நாளைக் குறிப்பிட்டுச் சொல்லிக் கேளுங்கள். அவர் அதை மறந்திருக்க மாட்டார்.

பிறகு தாளில் எழுதுங்கள். போனின் பின் எண், பாஸ்வேர்டு மேனேஜரைத் திறக்கும் வழி, இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகளின் அச்சுப்பிரதி, யார் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் எதற்குப் பணம் போகிறது, முதலில் யாரை அழைப்பது. உங்கள் மகள் வாசித்தாலும் புரிகிற மொழியில் எழுதுங்கள், சுருக்கெழுத்து வேண்டாம். தாளைப் பத்திரத்தோடு பூட்டி வையுங்கள். இன்னொரு பிரதி, வீட்டுக்கு வெளியே, உங்கள் மனைவி நம்பும் ஒருவரிடம் இருக்கட்டும். அந்த ஆளை அவரே சொல்லட்டும்.

எழுதியதோடு விட்டுவிடாதீர்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நீங்கள் நம்ப மாட்டீர்கள் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே போங்கள். அவர் லேப்டாப்பைத் திறந்து, இன்வாய்ஸ் பட்டியலைக் கண்டுபிடித்து, ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை எடுத்துக் காட்ட வேண்டும். எங்கே தடுக்கியது என்று அவரே பேனாவால் குறிக்கட்டும். தடுக்கினால் தாளில்தான் குறை, அவரிடம் இல்லை. குரலை உயர்த்தாமல் அந்த இடத்தைத் திருத்தி எழுதி, அடுத்த ஞாயிறு மறுபடி கொடுங்கள்.