ரோபோவிடம் அம்மாவை விடலாமா?

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ரோபோ மூலம் எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். அமெரிக்காவில் ஒரு ரோபோ மனிதர் கை படாமலே பித்தப்பை அறுவையைச் செய்துவிட்டதாகவும் படித்தேன். அம்மாவை எந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டுமா? பயமாக இருக்கிறது.

செல்வி

அன்புள்ள செல்வி,

இரண்டும் வேறு வேறு. மருத்துவமனைகளில் இருக்கும் டா வின்சி போன்ற எந்திரங்கள் தானாக ஒரு தையல்கூடப் போடாது. சில அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் விரல் அசைந்தால் அதுவும் அசையும், அவ்வளவுதான். விளம்பரங்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

நீங்கள் படித்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆக்சல் க்ரீகர் குழுவினர் 2025இல் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். அறுவை வீடியோக்களைப் பார்த்தே கற்றுக்கொண்ட ரோபோ அது. பித்தப்பையின் குழாயையும் தமனியையும் பிடித்து, கிளிப் போட்டு, வெட்ட வேண்டும். மொத்தம் 17 வேலைகள். எட்டுப் பித்தப்பைகளிலும் முடித்துவிட்டது, மருத்துவரைவிட மெதுவாக. எனக்கு வியப்பளித்தது வேறு: பிடி தவறினால் அதுவே கண்டுகொண்டு மறுபடி பிடிக்கிறது. இடது கையைக் கொஞ்சம் நகர்த்து என்று வாயால் சொன்னாலும் கேட்கிறது.

ஆனால் அவை எல்லாமே செத்த பன்றியின் உறுப்புகள். கல்லீரலிலிருந்து பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் கட்டமும் அதில் இல்லை.

எலும்பில் இந்தக் கதை பழையது. 1992இலேயே ரோபோடாக் என்ற எந்திரம் இடுப்பு மாற்று சிகிச்சையில் ஸ்கேன் படத்தின்படி தொடை எலும்பைத் தானே குடைந்தது. எலும்பை இறுக்கிப் பிடித்துவிட்டால் படத்தில் இருந்தபடியே இருக்கும். குடலும் பித்தப்பையும் அப்படியா? தொட்டால் வழுக்கும், மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும், கொஞ்சம் ரத்தம் கசிந்தாலே கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. க்ரீகர் குழுவின் ஸ்டார் ரோபோ 2022இல் உயிருள்ள பன்றிகளின் குடலை, அந்த மூச்சசைவையும் கணக்கிட்டு இணைத்தது. பெரிய சாதனைதான். அப்போதும் பக்கத்தில் மனிதர்கள் கண்காணித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ரத்தக்குழாய் திடீரென்று அறுந்தால் என்ன செய்வது என்பதை எந்திரத்திடம் விடும் காலம் இன்னும் வரவில்லை. அதை அவசரப்படுத்துபவர்களை நான் நம்புவதும் இல்லை.

ஆகவே எந்திரத்தை விடுங்கள், மருத்துவரை விசாரியுங்கள். இதே எந்திரத்தில் எத்தனை பித்தப்பை எடுத்திருக்கிறார், சாதாரண லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவும் கருவிகளும் விட்டு மருத்துவர் கையாலேயே செய்வது) செய்தால் அம்மாவுக்கு என்ன குறைந்துவிடும், செலவு எவ்வளவு கூடும் என்று நேரிலேயே கேளுங்கள். பித்தப்பைக்கு லேப்ராஸ்கோப்பி நன்றாகத் தேறிய முறை. மூன்றாவது கேள்விக்குப் பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.