ராஜினாமா எழுதச் சொல்கிறார் மேஸ்திரி: என்ன நஷ்டம்?

களியக்காவிளைக்கு அருகில் ஓர் அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) எட்டு ஆண்டுகளாகத் தோலுரிக்கும் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி எழுதியிருக்கிறார். ஆறு மாதக் கர்ப்பம், இரண்டாவது குழந்தை. ‘சொந்த விருப்பத்தில் விடுகிறேன் என்று எழுதிக் கொடு, பிள்ளை பெற்ற பிறகு சேர்ந்துகொள்ளலாம்’ என்கிறார் மேஸ்திரி. பிள்ளையை யார் பார்ப்பது என்று கணவரும் மாமியாரும் அதையே சொல்கிறார்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணத்தை எடுத்துத் தர ஓர் ஏஜென்ட் பத்து சதவீதம் கேட்கிறார். எழுதிக் கொடுத்தால் என்ன நஷ்டம் என்பது கேள்வி.

எழுதிக் கொடுக்காதீர்கள். பிரசவ காலப் பணத்தைத் தருவது இஎஸ்ஐ. அது மேஸ்திரியின் தயவில் இல்லை. முந்தைய இரண்டு அரையாண்டுகளில், அதாவது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற கணக்கில், இரண்டையும் சேர்த்துக் குறைந்தது 70 நாட்களுக்கு உங்கள் பெயரில் பணம் கட்டப்பட்டிருந்தால், 26 வாரங்களுக்குச் சராசரி நாள்கூலி முழுவதும் கிடைக்கும். பீஸ் ரேட்டில், அதாவது செய்த வேலையின் அளவுக்குக் கூலி வாங்கி, வேலை செய்பவருக்கும் இது உண்டு. நீங்கள் இழக்கப்போவது வேலைத் தொடர்ச்சியை. மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையிலிருந்து நீக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால்தான் உங்கள் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். எட்டு ஆண்டு வேலைக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி வீதம், கிராஜுட்டியை (பணிக்கொடையை) வேலையை விட்ட 30 நாட்களுக்குள் தர வேண்டும். அதைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா? திரும்பி வந்தால் நீங்கள் புது ஆள். வறுப்புக்கூடத்தில் ஓர் ஆண் கால் ஒடிந்து மூன்று மாதம் படுத்தாலும் அவரிடம் இப்படிக் கடிதம் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

26 வாரத்துக்கு ஒரு விலக்கு உண்டு. ஏற்கெனவே உயிருடன் இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். இங்கே எண்ணுவது பிரசவங்களை அல்ல, உயிருடன் உள்ள குழந்தைகளை. முதல் பிரசவத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்து இருவரும் இருந்தால், இரண்டாவது பிரசவத்துக்கே 12 வாரமாகிவிடும். முன்பு பிறந்த குழந்தை தவறிப்போயிருந்தால் அது கணக்கில் வராது. உங்களுக்கு ஒரு குழந்தைதான் என்றால் 26 வாரத்தில் சந்தேகமே இல்லை.

இனி ஏஜென்ட். கேரள-தமிழ்நாடு பார்டரின் இரு பக்கமும், பாறசாலையிலும் மார்த்தாண்டத்திலும், இவர்களிடம் ஏமாந்த பெண்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். இஎஸ்ஐ பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதற்கு இடையில் ஆள் எதற்கு? ஓடிபியையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்துவிட்டால் பத்து சதவீதத்தோடு நிற்காது. பிஎஃப்பில் இன்னும் பெரிய கெடுதல் உண்டு. அதனுடன் சேர்ந்த ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு வேண்டும். உங்களுக்கு எட்டு முடிந்துவிட்டது. கமிஷனுக்காக அந்தப் பங்கையும் அவர் எடுக்க வைத்தால் அந்த எட்டும் அழிந்துபோகும். ஆதாரில் கணவர் பெயர், பிஎஃப்பில் அப்பா பெயர் என்று இருப்பதைக் காட்டித்தான் பெரும்பாலும் பயமுறுத்துவார்கள். கல்யாணம் ஆனதும் பெண்ணின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, பிறகு அதையே குற்றமாக்கித் திருப்பி அனுப்பும் அலுவலகங்களை என்ன சொல்வது! கம்பெனி வழியாக விண்ணப்பித்தால் அது திருத்தப்படும்.

வீட்டில் கேட்கும் கேள்வி நியாயமானது, ஆனால் அதை உங்களிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. நான் பார்த்த சில காப்பகங்களில் உடைந்த சல்லடைகள்தான் தூங்குகின்றன. மத்திய அரசு ஊழியரான தந்தைக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருக்கும் தந்தைக்குச் சட்டம் ஒரு நாளும் தரவில்லை. ஆகவே கணவரும் மாமியாரும் நேரம் பிரித்துக்கொள்வதைப் பற்றி இப்போதே பேசுங்கள்.

இந்த வாரமே, பிரசவத் தேதியைக் குறிப்பிட்டு மகப்பேறு விடுப்பு வேண்டும், முடிந்ததும் வேலைக்குத் திரும்புவேன் என்று எழுதி, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். மேஸ்திரி வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.