129 கட் ஆஃப்புக்கு நான்கு கல்லூரி போதாது

கோவையில் நான்கு கல்லூரி மட்டும் பட்டியலில் போட்டுவிட்டு, இடம் கிடைக்காது என்று பயந்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் (கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடம்) சேரலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். பொறியியல் கலந்தாய்வில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், நீங்கள் கோவையில் நான்கோடு நிறுத்தியதுதான் சிக்கல். கணிதம் 62, இயற்பியல் 68, வேதியியல் 66 என்றால், கணிதம் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேர்ந்து கட் ஆஃப் 62+34+33, அதாவது 200-க்கு 129.

அநேகமாகப் பொதுப்பிரிவின் பட்டியலையோ வேறு பாடப்பிரிவையோ பார்த்து இடம் கிடைக்காது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். போன வருடம் உங்கள் சாதிப் பிரிவில், அதே பாடப்பிரிவில் கடைசியாக இடம் கிடைத்தவரின் கட் ஆஃப்பைத் தேடுங்கள். அது 115-க்குக் கீழே உள்ள கல்லூரிகளில் குறைந்தது பத்து உங்கள் விருப்பப் பட்டியலின் அடியில் இருக்கட்டும். பிடித்தவை மேலேயே இருக்கலாம், அதனால் நஷ்டமில்லை.

அப்பா கூலி வேலை என்கிறீர்கள். வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான சான்றிதழை இ-சேவையில் உடனே வாங்குங்கள். அந்தச் சலுகை கலந்தாய்வு இடத்துக்குத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியா? அப்படியானால் 7.5% ஒதுக்கீடு, கட்டணத்தை அரசே கட்டும்.

ஒன்று: முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும். பஸ், விடுதிச் செலவைக் கல்லூரியில் போன் போட்டுக் கேளுங்கள், பல இடங்களில் அதுதான் பெரிய தொகை. அப்புறம், பக்கத்து அரசு கலைக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.