மருந்துப் பெட்டி: இடித்துத் தரலாமா?

அல்சூரிலிருந்து ஒரு வாசகி: 74 வயது மாமியாருக்கு மூட்டுவலி. டாக்டர் எழுதிய டிக்ளோஃபெனாக் எஸ்.ஆர். 100 மி.கி. மாத்திரையை விழுங்க முடியவில்லை என்கிறார். இடித்து மோரில் கலந்து தருகிறேன். மருந்துக்கடைக்காரர் கூடவே கூடாது என்கிறார். உள்ளே போவது அதே மருந்துதானே?

அதே மருந்துதான் அம்மா, போகிற வேகம் வேறு. எஸ்.ஆர். என்றால் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் மாத்திரை. பெரும்பாலும் அதைப் பிடித்து வைத்திருப்பது ஹைப்ரோமெல்லோஸ். மூலப்பொருள் மரக்கூழிலும் பஞ்சிலும் இருக்கிற செல்லுலோஸ்தான். செல்லுலோஸ் என்பது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. அதில் மெத்தில், ஹைட்ராக்ஸிபுரொப்பைல் என்ற வேதித் தொகுதிகளை ஒட்டினால், தண்ணீரைக் கண்டதும் உப்பிக் கூழாகும். பீன்யாவில் மாத்திரைக் கம்பெனியில் இருந்த காலத்தில் இதைக் கண்ணாடி ஜாடியில் பார்ப்பதுதான் என் வேலை. உடம்புச் சூடான 37 டிகிரியில் ஜாடித் தண்ணீரைக் கலக்கியபடி துடுப்பு சுற்றும். மாத்திரையின் மேல் வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒரு படலம் கட்டும். மருந்து அதைத் தாண்டிக் கசிய மணிக்கணக்காகும். இடித்துவிட்டால் படலம் எங்கே கட்டும்? நாள் முழுவதுக்குமான 100 மி.கி.யும் சட்டென்று ரத்தத்தில் ஏறும். இந்த வயதில் வயிறும் சிறுநீரகமும் அதைத் தாங்க வேண்டுமே!

எஸ்.ஆர். என்றால் வயிற்றுப்புண்ணே வராது என்பார்கள், நம்பாதீர்கள். வயிற்றுக்குக் காவலான புரோஸ்டாகிளாண்டினை இந்த மருந்து ரத்தம் வழியாகவே குறைத்துவிடும்.

விழுங்க முடியவில்லை என்று டாக்டரிடமே சொல்லுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் டிக்ளோஃபெனாக் உண்டு. வலி முழங்காலில் மட்டும் என்றால் தடவும் ஜெல்லே போதும் என்றுகூடச் சொல்லலாம். அளவை அவர் முடிவு செய்யட்டும்.

ஜெயநகர் வாசகர்: பெருங்குடல் அழற்சிக்கு மெசலமைன் குருணை சாப்பிடுகிறேன். மலத்தில் வெள்ளைக் குருணையாகவே வருகிறதே, காசு வீணா?

குருணையின் மேல்பூச்சு எத்தில் செல்லுலோஸ் என்றால் கவலை வேண்டாம். அட்டையில் போட்டிருக்கும், பாருங்கள். இதுவும் செல்லுலோஸ்தான், ஆனால் எத்தில் ஒட்டியதால் தண்ணீரில் கரையாது. ஈரம் உள்ளே புகும், மருந்து வெளியே கசியும், கூடு மட்டும் மிஞ்சும். பூச்சில்லாத மெசலமைனைச் சாப்பிட்டால் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும், புண் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேராது. அதனால் குருணையை மெல்லாதீர்கள். மெசலமைனை மாத்திரையாக எடுப்பவர்களுக்கு மாத்திரை முழுசாக அப்படியே வந்தால் கதை வேறு. அப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்.