‘நரம்பு சுருட்டு’ நரம்பு நோயா? – கேள்வி பதில்

ரத்தக்குழாய் சிகிச்சைப் பிரிவில் 18 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சிரை நோய்களின் பெயர்கள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

சிஸ்டர், அப்பாவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. நரம்பு டாக்டரிடம் காட்டணுமா?

வேண்டாம்மா. ஊசி போடும்போது நானே “நரம்பு கிடைக்கல”ன்னுதான் சொல்வேன். பேச்சு வழக்கு அப்படி. உண்மையில் நரம்பு உணர்ச்சியைக் கடத்துவது. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. அப்பாவுக்குப் புடைத்திருப்பது சிரை. ‘நரம்பு சுருட்டு’, ‘வெரிகோஸ்’ என்பதெல்லாம் இதைத்தான். இந்தச் சொல் குழப்பத்தில் மாதக்கணக்கில் சத்து மாத்திரை சாப்பிட்டு, புண் வந்த பிறகு வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். உள்பக்கக் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, தொட்டால் பலகை மாதிரி இறுகியிருக்கும். நடுவில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். ஆற மாதங்கள் ஆகும். கறுக்கத் தொடங்கும் முன்பே வாஸ்குலர் சர்ஜனிடம், அதாவது ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ‘எஸ்.எஃப்.ஜே. இன்காம்பிடென்ட், ஜி.எஸ்.வி. ரிஃப்ளக்ஸ்’ என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். ஜி.எஸ்.வி. என்பது கணுக்காலின் உள்பக்கத்திலிருந்து தொடை இடுக்கு வரை தோலுக்கடியில் ஓடும் நீண்ட சிரை. அது ஆழத்தில் இருக்கும் தொடைச் சிரையோடு சேரும் இடம்தான் எஸ்.எஃப்.ஜே. ரத்தம் மேலே மட்டும் போகும்படி சிரைக்குள் வால்வுகள் உண்டு. அங்கே வால்வு சரியாக மூடவில்லை என்பதே ‘இன்காம்பிடென்ட்’. உங்களை நிற்க வைத்துக் கெண்டைச் சதையை அமுக்கி விட்டார்கள் இல்லையா? விட்டதும் அரை விநாடிக்கு மேல் ரத்தம் கீழே திரும்பினால் ‘ரிஃப்ளக்ஸ்’. லேசரிலோ ரேடியோ அலையிலோ அந்தச் சிரையை அடைத்துவிடலாம். ரத்தம் ஆழ்சிரைகள் வழியே போய்விடும்.

தொடையில் சிலந்தி வலை மாதிரி சிவப்புக் கோடுகள். இதுவும் வெரிகோஸா?

இல்லை, ‘ஸ்பைடர் வெயின்’. 1 மி.மீ.க்கும் மெல்லியவை. நிற்கும்போது 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்துப் புடைத்தால்தான் வெரிகோஸ்.

அக்கா, யாழ்ப்பாணத்தில் நாங்கள் நாடி, நாளம் என்றுதான் படித்தோம். சிரை எது?

உங்கள் நாளம்தான் எங்கள் சிரை. உங்கள் நாடி எங்கள் தமனி. தமிழ்நாட்டில் ‘ரத்த நாளம்’ என்றால் எல்லா ரத்தக்குழாயும் அடங்கும். நாடி என்றால் துடிப்பு. இரு பக்கத்துப் புத்தகங்களையும் சேர்த்து வாசிக்கும்போது இதைக் கவனியுங்கள். எனக்கு இரண்டும் நல்ல தமிழ்தான்.

பிரசவமாகி 10 நாள். மனைவிக்கு இடது கால் மட்டும் திடீரென வீங்கி வலிக்கிறது. அத்தை எண்ணெய் தேய்த்து நீவி விடலாமா என்கிறார்.

தயவுசெய்து நீவ வேண்டாம். டி.வி.டி., அதாவது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இன்றே, இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.