ரசீதோடு வாங்கிய பட்டாசுக்கு அபராதம் விதிக்க முடியுமா?

பக்கத்து ஊரில் உரிமம் பெற்ற கடையில் வாங்கிய பட்டாசை உங்கள் நகரத்தில் வெடிக்கக் கூடாது என்பது எப்படிச் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் சட்டம் தனித்தனி. ரசீது முதலாவதற்கு மட்டுமே சான்று.

ஒரு வெடியில் எவ்வளவு மருந்து இருக்கலாம், எந்த வயதினருக்கு விற்கலாம் என்பதைப் பெரும்பாலும் மேல்நிலை அரசுகள் வகுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்த ஆபத்துள்ள பட்டாசுகளான எஃப்2 வகையை வாங்கக் குறைந்தபட்சம் 16 வயது, நடுத்தர ஆபத்துள்ள எஃப்3க்கு 18. ஆனாலும் அவற்றை மேலும் கட்டுப்படுத்த உறுப்பு நாடுகளுக்கு உரிமை உண்டு. நேரம், இடம், வறட்சிக்காலத் தடை போன்றவற்றைப் பல நாடுகளில் உள்ளாட்சிகளே முடிவு செய்கின்றன. நெருக்கமான தெருக்களின் தீ ஆபத்தை அவையே நன்கறியும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பட்டாசு விற்கலாம். எல்லை தாண்டி மாசசூசெட்ஸுக்குள் கொண்டுவந்தாலே, கொளுத்தாவிட்டாலும், குற்றம்.

கம்பி மத்தாப்புக்கு விலக்கு உண்டு என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். அதன் நுனி ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் எரியும், சில இடங்களில் அதற்கும் தடை உண்டு. வாங்கும் இடத்தின் விதியோடு கொளுத்தும் இடத்தின் விதியையும் தீயணைப்புத் துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள்.